ஏற்றத்தாழ்வை நீளமாக்கிக் காட்டுதல்: கல்லூரி மாணவர்களுக்கான தரவுக் கலை வழிகாட்டி

பொருளாதார ஏற்றத்தாழ்வு என்ற தலைப்பைக் கையில் எடுக்கும் மாணவர் குழுக்கள் பெரும்பாலும் ஒரே படத்தில்தான் போய் நிற்கின்றன. ஒரு பக்கம் அடுக்குமாடிக் கட்டடம், மறுபக்கம் குடிசை, நடுவில் சாய்ந்த தராசு. அதில் தவறேதும் இல்லை, ஆனால் பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரியாத எதையும் அந்தப் படம் சொல்லிவிடுவதில்லை. தரவுக் கலை வேறு வகையான வேலை. அதில் பார்வையாளர் காணும் ஒவ்வொரு நீளமும், எடையும், எண்ணிக்கையும் ஏதேனும் ஓர் எண்ணுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். எந்த எண் என்று கேட்டால், குழுவில் உள்ள எவரும் அட்டவணையில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

இத்தகைய திட்டம் ஒன்றை முதன்முறையாகச் செய்யவிருக்கும் கல்லூரிக் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுவாகப் பேசுவதைவிட ஓர் எடுத்துக்காட்டை முழுவதும் நடத்திக் காட்டுவது பயன்படும் என்பதால், இந்தியக் குடும்பங்களின் மாதச் செலவைச் சவுக்குக் கழிகளின் உயரமாக மாற்றும் ஒரு நிறுவல் படைப்பைத் திட்டமிடுவோம்.

கேள்வி முதலில், பொருள் பிறகு

"ஏற்றத்தாழ்வைக் காட்ட வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. எதில் ஏற்றத்தாழ்வு என்று முதலில் முடிவு செய்யுங்கள். வருமானம், நுகர்வுச் செலவு, சொத்து ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு அளவைகள். மாதம் முழுவதும் கைக்கு வருவது வருமானம், அதிலிருந்து (அல்லது கடன் வாங்கி) செலவிடுவது நுகர்வு, ஒரு குறிப்பிட்ட நாளில் கைவசம் இருக்கும் நிலம், வீடு, நகை, வங்கி இருப்பு ஆகியவற்றின் மதிப்பு சொத்து. ஏழைக் குடும்பம் வருமானம் முழுவதையும் செலவிட்டுவிடுகிறது, பணக்காரக் குடும்பம் ஒரு பகுதியை மட்டுமே செலவிடுகிறது. ஆகவே நுகர்வில் தெரியும் இடைவெளி பொதுவாக மூன்றிலும் சிறியதாக இருக்கும், சொத்தில் தெரிவது மிகப் பெரியதாக இருக்கும்.

இதை எண்களில் பார்த்தால் தெளிவாகும். 2019-ல் நடத்தப்பட்ட அகில இந்தியக் கடன் மற்றும் முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறத்தில் மேல்மட்டப் பத்து சதவீதத்தினரிடம் மொத்தச் சொத்தில் 55.7 சதவீதம் இருந்தது, கீழ்ப்பாதியினரிடம் இருந்தது 6.2 சதவீதம் மட்டுமே. நுகர்வுச் செலவில் இப்படிப்பட்ட பிளவைக் காண முடியாது. இந்தியாவின் நுகர்வு கினிக் குறியீட்டை (ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளக்கும் எண்) எடுத்துக்கொண்டு, வேறு நாடுகளின் வருமான கினிக் குறியீட்டோடு ஒப்பிட்டு, இங்கே சமத்துவம் அதிகம் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழப்பம் உங்கள் படைப்புக்குள் வர வேண்டாம்.

நமது எடுத்துக்காட்டுக்கான கேள்வியை இப்படி வைத்துக்கொள்வோம்: "கிராமத்திலும் நகரத்திலும், மிகக் குறைவாகச் செலவிடுபவர் முதல் மிக அதிகமாகச் செலவிடுபவர் வரை எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால், அந்த வரிசை எப்படி உயரும்?" இதைக் கேட்டவுடனேயே படைப்பின் வடிவம் பாதி கிடைத்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். வருமானத்துக்கு ஏற்ப உயரம் கொண்ட மனிதர்கள் ஒரு மணி நேரம் அணிவகுத்துச் செல்வதாகக் கற்பனை செய்து காட்டியவர் டச்சுப் பொருளியலாளர் யான் பென். 1971-ல் அவர் எழுத்தில் செய்ததை நாம் கழிகளைக் கொண்டு செய்யப் போகிறோம்.

அட்டவணையை எடுத்தலும் படித்தலும்

மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் வெளியிடும் வீட்டு நுகர்வுச் செலவினக் கணக்கெடுப்பின் அறிக்கைகள் அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகஸ்ட் 2022 முதல் ஜூலை 2023 வரை 2,61,746 குடும்பங்களிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கடுத்த ஆண்டின் கணக்கும் வந்துவிட்டது, அதைப் பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதில் மக்கள் பன்னிரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவினரின் சராசரி மாதத் தனிநபர் செலவு தரப்பட்டுள்ளது. கிராமப்புறத்தில் அடிமட்ட 5 சதவீதத்தினருக்கு 1,373 ரூபாய், அடுத்த 5 சதவீதத்தினருக்கு 1,782 ரூபாய். பிறகு பத்துப் பத்து சதவீதமாக 2,112, 2,454, 2,768, 3,094, 3,455, 3,887, 4,458, 5,356 என ஏறுகிறது. கடைசி இரண்டு ஐந்து சதவீதப் பிரிவுகளுக்கு 6,638, 10,501 ரூபாய். நகர்ப்புறத்தில் அதே வரிசையில் 2,001, 2,607, பிறகு 3,157, 3,762, 4,348, 4,963, 5,662, 6,524, 7,673, 9,582, கடைசியில் 12,399, 20,824 ரூபாய். ஒட்டுமொத்தச் சராசரி கிராமத்தில் 3,773, நகரத்தில் 6,459.

எண்களை எக்செல் தாளில் ஏற்றியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அவற்றைச் சரிபார்ப்பது. ஐந்து சதவீதப் பிரிவுகளை 0.05 ஆலும் பத்து சதவீதப் பிரிவுகளை 0.10 ஆலும் பெருக்கிக் கூட்டினால், அறிக்கையில் உள்ள சராசரி வர வேண்டும். கிராமத்துக்கு 3,773 வரும், நகரத்துக்கு 6,459 வரும். வரவில்லையென்றால் எங்கோ ஓர் எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். கழியை அறுத்த பிறகு இது தெரியவந்தால் கழி வீண்.

அடுத்து, இந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைக் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரியாகச் சொல்லப் பழக வேண்டும். இது சம்பளம் அன்று. ஒரு குடும்பம் மாதத்தில் உணவு, வாடகை, மருந்து, படிப்பு, பேருந்துக் கட்டணம், துணிமணி என எல்லாவற்றுக்கும் செலவிட்ட தொகையைக் குடும்பத்திலுள்ள ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 1,373 ரூபாய் என்பது ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 46 ரூபாய், 20,824 ரூபாய் என்பது ஏறத்தாழ 694 ரூபாய்.

இன்னொரு கவனிப்பும் தேவை. அரசிடமிருந்து இலவசமாகப் பெறும் அரிசி, மிதிவண்டி, மடிக்கணினி போன்றவற்றின் மதிப்பைச் சேர்த்து ஒரு கணக்கும் சேர்க்காமல் ஒரு கணக்கும் அறிக்கையில் உள்ளன. மேலே தந்தவை சேர்க்காத கணக்கு. ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில் இதைப் பார்வையாளர் கட்டாயம் கேட்பார், விடை தயாராக இருக்கட்டும். தமிழ்நாட்டுச் சராசரி கிராமத்தில் 5,310, நகரத்தில் 7,630 ரூபாய் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை அகில இந்தியப் பிரிவுகளின் கழிகளுக்கு இடையே நட்டுவிடாதீர்கள். ஒரு மாநிலத்தின் சராசரியும் நாட்டின் ஒரு பிரிவும் ஒரே வரிசையில் நிற்கக் கூடியவை அல்ல.

வகுப்புத் தோழர்களிடமே குடும்ப வருமானத்தைக் கேட்டுத் தரவு திரட்டலாம் என்ற யோசனை எல்லாக் குழுக்களிலும் எழும். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பெயரை நீக்கிவிட்டாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் மிகக் குட்டையான கழி யாருடையது என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது.

ஒரு கழி என்றால் யார்?

திட்டத்தின் மையமான முடிவு இதுதான், இதற்கு அவசரப்படாதீர்கள். பன்னிரண்டு பிரிவுகளுக்குப் பன்னிரண்டு கழிகள் என்று நட்டால் படைப்பு பொய் சொல்லத் தொடங்கிவிடும், ஏனெனில் ஓரங்களில் உள்ள நான்கு பிரிவுகள் ஐந்து சதவீதத்தினரையும் நடுவில் உள்ள எட்டுப் பிரிவுகள் பத்து சதவீதத்தினரையும் குறிக்கின்றன. ஒரு கழி 5 சதவீத மக்கள் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும். ஓரப் பிரிவுகளுக்கு ஒவ்வொரு கழி, நடுப் பிரிவுகளுக்கு ஒரே உயரத்தில் இரண்டிரண்டு கழிகள், மொத்தம் 20. கிராமத்துக்கு 20, நகரத்துக்கு 20. நடுவில் இரட்டை இரட்டையாக நிற்பது படிக்கட்டு போலத் தெரியும், அழகுக்காக அவற்றை இழைத்துச் சரிவாக்க வேண்டும் என்று தோன்றும். தரவில் இல்லாத சரிவை நீங்கள் உண்டாக்க வேண்டியதில்லை.

அளவுகோல் 100 ரூபாய்க்கு ஒரு சென்டிமீட்டர். கிராமத்தின் அடிமட்டக் கழி 13.7 செ.மீ., கணுக்காலுக்குச் சற்று மேலே. கிராமத்தின் உச்சக் கழி 105 செ.மீ., இடுப்பளவு. நகரத்தின் அடிமட்டம் 20 செ.மீ., உச்சம் 208.2 செ.மீ., அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். இந்த அளவுகோலைத் தேர்ந்தெடுக்கக் காரணம், பார்வையாளர் தம் உடம்பைக் கொண்டே அளந்துகொள்ள முடிகிறது என்பதுதான்.

கழிகளுக்குப் பதில் வட்டங்களோ பானைகளோ பண மூட்டைகளோ வரையலாமே என்றால், அங்கே பழைய பொறி ஒன்று இருக்கிறது. ஒரு வட்டத்தின் ஆரத்தை இரு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது, பானையின் எல்லா அளவுகளையும் இரு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. கண் எதைப் படிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். 1925-ல் வியன்னாவில் சமூகப் பொருளாதார அருங்காட்சியகத்தை நிறுவிய ஓட்டோ நாய்ராத், பெரிய எண்ணைப் பெரிய உருவமாக வரையாமல், ஒரே அளவுள்ள சிறு உருவங்களை அதிக எண்ணிக்கையில் அடுக்கினார். அந்த விதி இன்றும் கைகொடுக்கும்.

கயிறுகளை உத்தரத்திலிருந்து தொங்கவிடலாம் என்பது அடுத்த யோசனையாக இருக்கும். செலவு குறைவு, கட்டுவதும் எளிது. ஆனால் அதிகம் செலவிடுபவரின் கயிறு தரையைத் தொட, அடிமட்டத்தவரின் கயிறு தலைக்கு மேலே நிற்கும், பார்ப்பவர் தலைகீழாகப் படிப்பார். மேலே போவது கூடுதல் என்ற பழக்கத்தோடு மல்லுக்கட்டுவதைவிடத் தரையிலிருந்து எழுப்புவதே மேல்.

எண் மிகப் பெரிதாகி அறையில் அடங்காமல் போனால் என்ன செய்வது? 1900-ஆம் ஆண்டின் பாரீஸ் கண்காட்சிக்காக அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்நிலையைக் கையால் வரைந்த வண்ண விளக்கப்படங்களாக்கினார். ஜார்ஜியாவின் நகர, கிராம மக்கள்தொகையைக் காட்டும் படத்தில், கிராமத்தாரைக் குறிக்கும் சிவப்புக் கோடு தாளில் அடங்காததால் அது சுருளாகச் சுற்றி வரையப்பட்டது. கோட்டை வெட்டிக் குறைக்காமல் மடித்தது நேர்மை, ஆனால் சுருளின் நீளத்தைக் கண்ணால் ஒப்பிடுவது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். நமது எடுத்துக்காட்டில் 208 செ.மீ.யில் எல்லாம் அடங்கிவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

அடங்கிவிடுகிறதே என்ற துணிச்சலில், பக்கத்தில் ஒரு கோடீஸ்வரரின் சொத்தையும் நட்டால் நன்றாயிருக்கும் என்று யாராவது சொல்வார்கள். இதே அளவுகோலில் ஒரு கோடி ரூபாய் என்பது சரியாக ஒரு கிலோமீட்டர். கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதச் செலவும் சேர்த்து வைத்த சொத்தும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது, அது அடுத்த ஆண்டுக்கான தனித் திட்டம்.

நிறமும் பெயரும்

கிராமத்துக்கு ஒரு நிறம், நகரத்துக்கு ஒரு நிறம் போதும். சிவப்பையும் பச்சையையும் இணையாக்காதீர்கள், நிறக்குருடு உள்ளவர்களில் பலருக்கு வேறுபாடு தெரியாது. ஏழைப் பிரிவுகளுக்குக் கறுப்பு அல்லது அழுக்கு நிறம் தீட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சார்லஸ் பூத் 1889-இல் வெளியிட்ட லண்டன் வறுமை வரைபடத்தில், செல்வர்கள் வாழ்ந்த தெருக்கள் பொன்மஞ்சளில் ஒளிர, அடிமட்டத் தெருக்கள் கறுப்பில் இருந்தன. நிறவிளக்கத்தில் அந்தக் கடைசிப் பிரிவினர் தீயொழுக்கமும் பாதிக் குற்றத்தன்மையும் கொண்டவர்கள் என்று எழுதப்பட்டிருந்தது. அத்தனை உழைப்போடு தெருத் தெருவாகத் திரட்டிய தரவில், அளக்காத ஒன்று நிறத்தின் வழியாக நுழைந்துவிட்டது. "பின்தங்கியவர்கள்", "வசதி படைத்தவர்கள்" என்றெல்லாம் கழிகளுக்குப் பெயர் வைப்பதைவிட "0–5", "95–100" என்று சதவீதத்தை எழுதுவது போதுமானது.

அறுப்பதற்கு முன்

முழு அளவில் இறங்குவதற்கு முன் பத்தில் ஒரு பங்கு அளவில், தெர்மாகோல் பலகையில் ஊதுபத்திக் குச்சிகளைக் குத்தி ஒரு மாதிரி செய்யுங்கள். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். இரண்டு வரிசைகளை முன்னும் பின்னுமாக வைப்பதா, எதிரெதிராக வைத்து நடுவில் நடக்க விடுவதா என்பதை மாதிரியில் பார்த்தே முடிவு செய்ய முடியும். எனக்கு எதிரெதிர் அமைப்பே பிடிக்கும். நடந்து போகிறவருக்கு, கிராம வரிசையில் கடைசிக்கு முந்தைய கழி 66.4 செ.மீ. உயரத்தில் நிற்பதும், எதிரே நகர வரிசையில் 60–70 பிரிவின் கழிகளே 65.2 செ.மீ.க்கு வந்துவிடுவதும் ஒரே பார்வையில் படும். கிராமத்தில் நூற்றில் தொண்ணூறு பேரைக் கடந்து நிற்பவரின் செலவு, நகரத்தில் நடுவரிசையைச் சற்றே தாண்டியவரின் செலவுதான். (நகரத்தில் வாடகையும் விலைவாசியும் கூடுதல் என்பதையும் கூடவே சொல்லுங்கள், கேட்பதற்கு முன்பே சொல்வது நல்லது.)

பொருள் கணக்கு எளிது. 20 கழிகளின் மொத்த உயரம் என்பது சராசரியை இருபதால் பெருக்கியது: கிராமத்துக்கு 7.55 மீட்டர், நகரத்துக்கு 12.92 மீட்டர், ஆக 20.47 மீட்டர். ஒவ்வொரு கழியும் மேடைப் பலகைக்குள் 10 செ.மீ. இறங்க வேண்டும் என்றால் மேலும் 4 மீட்டர். சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்து 28 மீட்டர் அளவுக்குச் சவுக்குக் கழி வாங்கலாம். பந்தல் போடுபவர்களிடம் பழைய கழிகளை வாடகைக்கே கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அறுக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயரத்தின் பூஜ்யம் மேடையின் மேற்பரப்பு, புதைந்த பகுதி கணக்கில் வராது என்பதை அறுப்பவர் கையில் உள்ள தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். இரண்டு மேடைகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நுனிகளை உப்புத்தாளால் தேய்க்காமல் விடாதீர்கள், இடுப்பளவுக் கழிகள் குழந்தைகளின் முகத்துக்கு நேரே நிற்கும். நடைபாதை சக்கர நாற்காலி போகுமளவு, குறைந்தது 1.2 மீட்டர் அகலம் இருக்கட்டும்.

கழிகள் நின்ற பிறகு, ஒவ்வொரு வரிசையின் குறுக்கேயும் சராசரி உயரத்தில் (37.7, 64.6 செ.மீ.) ஒரு மெல்லிய நூலைக் கட்டுங்கள். இரு வரிசைகளிலும் இருபதில் பன்னிரண்டு கழிகள் நூலுக்குக் கீழேதான் நிற்கும். சராசரி என்பது நடுவில் நிற்பவர் அல்லர் என்பதை விளக்கப் புள்ளியியல் ஆசிரியருக்கு ஒரு வகுப்பு தேவைப்படும், இங்கே ஒரு நூல் போதும்.

வேலைப் பிரிவினையில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். எண்களுக்குப் பொறுப்பானவரும் அறுத்த கழிகளை அளந்து சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். மற்றவற்றை உங்கள் வசதிப்படி பிரித்துக்கொள்ளலாம்.

விளக்கப் பலகை

பலகை நீளமாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கீழ்க்கண்ட அளவே போதும்:

"ஒரு கழி 5 சதவீத மக்களைக் குறிக்கிறது. ஒரு சென்டிமீட்டர் 100 ரூபாய். உயரம் என்பது ஒருவருக்காக ஒரு மாதத்தில் செலவிடப்பட்ட தொகை. வருமானமோ சொத்தோ அன்று. அரசு இலவசமாக வழங்கிய பொருள்களின் மதிப்பு சேர்க்கப்படவில்லை. இந்தியா, ஆகஸ்ட் 2022 – ஜூலை 2023. கடைசிக் கழி 5 சதவீதத்தினரின் சராசரி என்பதால், அவர்களுக்குள் மிக அதிகமாகச் செலவிடுபவர்கள் இதில் தனியாகத் தெரிவதில்லை."

கடைசி வாக்கியத்தை இடம் போதவில்லை என்று நீக்கிவிடாதீர்கள். மாதம் சில லட்சங்கள் செலவிடும் குடும்பமும் அந்த 208 செ.மீ.க்குள்தான் கரைந்திருக்கிறது.

பலகையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், திட்டத்தைப் பற்றி எதுவும் அறியாத சிலரை, உணவகப் பணியாளர், காவலாளி, வேறு துறை மாணவர் என, அழைத்து வந்து மிக உயரமான கழி எதைக் காட்டுகிறது என்று கேளுங்கள். "பணக்காரர்களின் சம்பளம்" என்று பதில் வந்தால், குறை அவர்களிடம் இல்லை, பலகையில் இருக்கிறது. அங்கேயே திருத்தி எழுதி, வேறு ஆட்களிடம் மறுபடி கேளுங்கள்.

அடிமட்டக் கழியின் அருகே 46 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று காட்ட விரும்பும் குழுக்கள், உங்கள் ஊர்க் கடையில் விலை விசாரித்து, தேதியோடு எழுதலாம். ஆனால் 2022-23-ன் ரூபாயும் இன்றைய விலையும் ஒன்றல்ல என்ற குறிப்பு அதனுடன் இருக்க வேண்டும்.

பிரித்த பிறகு

கண்காட்சி முடிந்ததும் எக்செல் தாள், மாதிரியின் படங்கள், நேர் எதிரே நின்று அளவுகோலோடு எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேமித்துத் துறையிடம் ஒப்படையுங்கள். இடம் இருந்தால் கழிகளையும் கட்டி வையுங்கள், அடுத்த அணிக்கு வேலை காத்திருக்கிறது. 2023-24 கணக்கெடுப்பில் கிராமத்தின் அடிமட்டம் 1,677 ரூபாயாகவும் நகரத்தின் அடிமட்டம் 2,376 ரூபாயாகவும் உயர்ந்துள்ளன. உச்சப் பிரிவுகளோ கிராமத்தில் 10,137, நகரத்தில் 20,310 ரூபாய் எனக் குறைந்துள்ளன. அதாவது கிராமத்தின் குட்டைக் கழி 3 செ.மீ. வளரும், நகரத்தின் நெட்டைக் கழி 5 செ.மீ. குட்டையாகும். ஒரே ஆண்டில் வாழ்க்கை இவ்வளவு மாறியதா, அல்லது மேல்மட்டக் குடும்பங்களின் செலவை இந்தக் கணக்கெடுப்பு எவ்வளவு பிடிக்கிறது என்பதில் ஏதேனும் உண்டா என்று கேட்பதிலிருந்து அவர்கள் தொடங்கலாம். 2011-12 வரை பின்னோக்கிப் போக விரும்பினால், அப்போது கிராமச் சராசரி 1,430, நகரச் சராசரி 2,630 ரூபாய். ஆனால் இடைப்பட்ட விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும் (2011-12 விலையில் 2022-23-ன் சராசரிகள் 2,008, 3,510 ரூபாய்தான்). ஒரே முறை வீட்டுக்குச் சென்று கேட்ட பழைய முறை, மூன்று முறை செல்லும் முறையாக மாறியிருப்பதையும் பலகையில் சொல்லியாக வேண்டும்.